மழைக்காலத்திலும் ஓட வேண்டும்: பழைய வீடியோ கேம்களை வைத்துக்கொள்ள எந்த வழி நல்லது?

சிறு வயதில் ஆடிய கேமை மறுபடி ஆட வேண்டும், பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இன்று வழிகள் பல. பழைய சிடியையோ கேசட்டையோ தூசி தட்டி எடுக்கலாம். இணையக் கடையில் வாங்கலாம். மாதச் சந்தா கட்டலாம். நிறுவனமே புதுப்பித்து வெளியிட்ட பதிப்பை வாங்கலாம். இன்றைய கணினிக்கு ஏற்ப ரசிகர்கள் தாங்களே எழுதிய நிரலில், அதாவது போர்ட்டில், ஓட்டலாம். கோவையில், தடையில்லாத இணைப்போடு இருப்பவர் இவற்றில் எதை எடுத்தாலும் ஓரளவு காரியம் நடந்துவிடும். நீலகிரியில் அப்படி இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியில் மழை பிடித்துக்கொண்டால் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிடுகிறது. மின்சாரம் திரும்பி வந்த பிறகும் இணையம் வரப் பல நாள் பிடிக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அதே தொல்லை ஐப்பசி, கார்த்திகையில் வந்து சேரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதனால் எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இணையம் இல்லாத வாரத்தில், விற்ற கடையே மூடிப்போன பிறகும், இந்த கேம் என் கணினியில் ஓடுமா?

கடை மூடுவது வெறும் கற்பனை அல்ல. நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ கேம் கருவிக்கான இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான கடைகளில் விற்பனை 2023 மார்ச் 27இல் நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29இல் மூடப்பட்டது. பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளை மூடப்போவதாக 2021இல் அறிவித்த சோனி, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நூலகங்கள் தம்மிடம் உள்ள பழைய கேம்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்துகாட்ட அனுமதி கேட்டன. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. ஆகப் பாதுகாப்புப் பணியில் பெரும்பங்கு வீடுகளிலும் ரசிகர்களின் கையிலும்தான் இருக்கிறது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கையில் இருக்கும் சிடியும் கேசட்டும்

பெட்டியோடு சொந்தமாக வைத்திருந்தால் யாரும் பறிக்க முடியாது என்ற எண்ணம் நியாயமானது. ஆனால் மலையில் அதற்கு முதல் எதிரி ஈரம். ஊட்டியில் கேமரா வைத்திருப்பவர்களைக் கேட்டால், லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோல் படர்வதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். சிடியும் அதே பீரோவில்தான் இருக்கிறது. காப்பகங்கள் குளிர், வறட்சி இரண்டையும் தேடுகின்றன. நமக்கு இயற்கை கொடுத்தது குளிர் மட்டுமே.

டிவி கேம் கேசட் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பச்சைப் பலகையின் அடி விளிம்பில், பக்கத்துக்கு 30 வீதம் 60 மெல்லிய பட்டைகள் வரிசையாக இருக்கும். குன்னூர் வீடு ஒன்றின் பரணில் பல மழைக்காலம் கிடந்த கேசட் என்றால், அந்தப் பட்டைகளில் களிம்பு ஏறியிருக்கும். ஓடாத கேசட்டை வாயால் ஊதிச் செருகுவது ஒரு தலைமுறைக்கே கைவந்த பழக்கம். ஊதும்போது மூச்சின் ஈரம் போய்ப் படிவது அந்தப் பட்டைகளில்தான். ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே எச்சரித்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகினால், செத்துப்போனதாக நினைத்த கேசட் பல நேரம் உயிர்பெற்றுவிடும்.

இங்கே 1990களில் விற்ற டிவி கேம்களில் பெரும்பாலானவை நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டில் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பதோ சில பத்து கேம்கள், வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப. இருந்தாலும் காண்ட்ராவும் மரியோவும் நம் வீடுகளுக்குள் வந்தது அந்த வழியாகத்தான். அந்த நகல் கேசட்டுகளும் வரலாற்றுச் சான்று என்றே நான் கருதுகிறேன். தூக்கி எறியாதீர்கள்.

ஆனால் ஆடுவதற்கு அவற்றையே நம்புவது வேறு விஷயம். வாத்து சுடும் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக ஒளிரும். துப்பாக்கியின் முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெண்மையைக் கண்டால் அடி விழுந்ததாகக் கணக்கு. குழாய் டிவி படத்தைத் தாமதமே இல்லாமல் வரைவதை நம்பிச் செய்த ஏற்பாடு இது. இன்றைய எல்இடி டிவி படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. எவ்வளவு குறிபார்த்தாலும் வாத்து சாகாது. ஆகக் கேசட்டோடு குழாய் டிவியையும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டியிருக்கும்.

சிடிக்கு வேறு சிக்கல். 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த பல கணினி கேம்களின் சிடியில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருந்தது. பாதுகாப்பு ஓட்டை என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் 2015இல் விண்டோஸ் 10இலிருந்து அதன் டிரைவரை நீக்கியது. பழைய விண்டோஸ்களிலும் அதே ஆண்டு ஒரு அப்டேட் மூலம் முடக்கியது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய, ஒரு கீறலும் இல்லாத அசல் சிடி, அது அசலா என்று சோதிக்கும் பூட்டு இயங்காததால் ஓடாது. அதற்கும் முந்தைய பல கேம்களின் இன்ஸ்டாலர் 16 பிட்டில் எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது.

அசல் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த இடத்தில் வையுங்கள், ஆனால் ஆடுவதற்கு அதை மட்டும் நம்பாதீர்கள் என்பதே என் கருத்து. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடுவது போதும். அந்த ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

இணையக் கடை: எல்லாக் கடையும் ஒன்றல்ல

டிஜிட்டலில் வாங்குவது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதல் வகைக்கு ஸ்டீம் நல்ல உதாரணம். ரூபாயில் விலை, யுபிஐயில் கட்டலாம், தள்ளுபடி நாளில் பழைய கேம் ஒரு சினிமா டிக்கெட் விலைக்கு வந்துவிடும். வசதியில் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அங்கே நாம் வாங்குவது உரிமம் மட்டுமே. இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2024இல் சட்டம் போட்ட பிறகு, பணம் கட்டும் இடத்திலேயே ஸ்டீம் அதை எழுதிவைக்கத் தொடங்கியது. கணக்கை வாரிசுக்கு மாற்றித் தர முடியாது. 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் செயலிக்கு விண்டோஸ் 7, 8இல் ஆதரவும் இல்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகள் எனும் படகர் ஊர்களிலும் எஸ்டேட் குடியிருப்புகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகள். அந்த இயந்திரத்தில் 1996ஆம் ஆண்டு கேம் பிரமாதமாக ஓடும். கேமைத் திறந்துவிட வேண்டிய கடைச் செயலிதான் ஓடாது. ஸ்டீமில் ஆஃப்லைன் முறை உண்டு. ஆனால் இணையம் இருக்கும்போதே உள்நுழைந்து தயார் செய்திருக்க வேண்டும். கடைச் செயலி இல்லாமலே ஓடும் கேம்களும் அங்கே சில உள்ளன. எது ஓடும், எது ஓடாது என்று வாங்கும் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம்.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. கடை நம் வீட்டுக்குள் வந்து பொருளை மாற்றிவிட்டுப் போகலாம். ஜிடிஏ 4 வெளியாகி பத்து ஆண்டு ஆனதும் பாட்டு உரிமங்கள் முடிந்தன. 2018 ஏப்ரலில் ஒரு அப்டேட் வந்து, ஏற்கனவே வாங்கியவர்களின் கேமிலிருந்தும் பல பாடல்களை எடுத்துவிட்டது. அந்த கேமின் ரேடியோவைக் கேட்டபடியே ஊர் சுற்றியவர்களுக்கு அது வேறு கேம் ஆகிவிட்டது. 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3க்குப் புதுப்பித்த பதிப்பு வந்தபோது, அதை வாங்காதவர்களின் பழைய பதிப்பும் சேர்ந்து மாற்றப்பட்டது.

இரண்டாவது வகைக்கு ஜிஓஜி. போலந்தின் சிடி புராஜெக்ட் நிறுவனம் 2008இல் பழைய கேம்களுக்கென்றே தொடங்கிய கடை. இங்கே வாங்கும் கேமுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத் தரவிறக்கிக்கொள்ளலாம். பூட்டு கிடையாது, உள்நுழைய வேண்டியதில்லை. பெரிய கேம் என்றால் ஒரு இன்ஸ்டாலரும் அதோடு நான்கு ஜிபிக்குள் வெட்டிய துணைக் கோப்புகளுமாக வரும். பென்டிரைவில் அப்படியே ஏற்றி வைக்கலாம். ஊட்டியில் ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டில் தரவிறக்கி, மசினகுடியிலோ பந்தலூரிலோ உள்ள கணினியில் நிறுவினாலும் ஓடும்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை 2024 டிசம்பர் காட்டியது. வார்கிராஃப்ட் 1, 2 பழைய பதிப்புகளை ஜிஓஜியிலிருந்து எடுத்துவிட அவற்றின் உரிமையாளரான பிளிஸர்ட் முடிவு செய்தது. விற்பனை நின்றது. ஆனால் அதற்கு முன் வாங்கியவர்களின் இன்ஸ்டாலரை யாரும் தொடவில்லை. அவர்கள் தொடர்ந்து தரவிறக்கலாம், பழுது வந்தால் தாமே பார்த்துக்கொள்வோம் என்று ஜிஓஜி அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் 100 கேம்களோடு ஒரு பாதுகாப்புத் திட்டத்தை அந்தக் கடை தொடங்கியிருந்தது.

குறைகளும் உண்டு. எல்லா கேமும் அங்கே கிடைக்காது. வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கியிருந்தால் பணம் போகாது. வங்கிச் செயலியில் போய் அதை இயக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, வாங்கிவிட்டு இன்ஸ்டாலரைத் தரவிறக்காமல் விட்டால் ஸ்டீமில் வாங்கியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தரவிறக்கி, இரண்டு இடத்தில் வைத்தால்தான் அது உங்களுடையது.

சந்தாவும் புதுப்பித்த பதிப்பும்

சந்தாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டும் வரை ஆடலாம், நிறுத்தினால் போயிற்று. எந்த கேம் எப்போது பட்டியலை விட்டுப் போகும் என்பது நம் கையில் இல்லை. ஒரு கேம் நமக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஒரு மாதம் கட்டுவதில் தவறில்லை. வைத்துக்கொள்ளும் வழியாக இதை நான் எண்ணுவதே இல்லை. இணையத்திலிருந்து நேராகத் திரைக்கு ஓடவிடும் சேவைகளோ, பலத்த காற்றடித்தால் சிக்னல் போகும் ஊர்களுக்குச் சற்றும் ஒத்துவராது.

புதுப்பித்த பதிப்புகளில் அருமையானவையும் உண்டு, மோசமானவையும் உண்டு. 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்கு 2019இல் வந்த டெஃபினிட்டிவ் பதிப்பு மிக நல்ல வேலை. அந்த கேமுக்கு இன்று புதிய ஆட்டக்காரர்கள் சேர்வதற்கு அதுவே காரணம். ஆனால் பல பத்து ஜிபி தரவிறக்கம், ஓரளவு புதிய கணினி இரண்டும் வேண்டும். 2021 நவம்பரில் வந்த ஜிடிஏ மூன்று கேம் தொகுப்பு பிழைகளோடு வந்து பெரும் கண்டனத்தைச் சந்தித்தது. அது வருவதற்குச் சற்று முன் பழைய வைஸ் சிட்டியைக் கடைகளிலிருந்து எடுத்திருந்தார்கள். ஆட்சேபம் எழுந்த பிறகே பழையதை மறுபடி விற்பனைக்குத் தந்தார்கள். தமிழ்நாட்டில் பிரவுசிங் சென்டர் காலத்தில் வளர்ந்த எவருக்கும் வைஸ் சிட்டி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்த கேம்கூடக் கொஞ்ச நாள் கடைகளில் இல்லாமல் போனது. புதுப்பிப்பு வரும் செய்தி காதில் விழுந்தால், பழைய பதிப்பை உடனே வாங்கி வைத்துவிடுங்கள் என்பது என் பழக்கமான அறிவுரை.

ரசிகர்கள் எழுதிய போர்ட்

இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதைத்தான். போர்ட் என்றதும் திருட்டு நகல் என்று நினைக்கிறார்கள். ஒரு கேமில் இரண்டு பகுதி உண்டு. படம், ஒலி, வரைபடம், வசனம் அடங்கிய தரவுக் கோப்பு ஒன்று. அதை எடுத்துத் திரையில் ஓட்டும் நிரல் மற்றொன்று. போர்ட் எழுதுகிறவர்கள் இரண்டாவதை மட்டும் இன்றைய கணினிக்கு ஏற்பப் புதிதாக எழுதுகிறார்கள். முதலாவதை நீங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும்.

நம் மலை ரயிலை நினைத்துப் பாருங்கள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்த பாதை 1899இல் திறந்தது. அதில் பிறகு நெடுங்காலம் ஓடிய இன்ஜின்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. அவை முதுமையடைந்தபோது திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிய இன்ஜின்களைக் கட்டினார்கள். அதே பல்சட்டம், அதே ஏற்றம், இன்ஜின் புதிது. அதை மலை ரயில் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. நல்ல போர்ட் செய்வது இதே வேலையைத்தான்.

இந்த மரபுக்கு வழி திறந்தது டூம். 1993இல் வந்த அந்த கேமின் மூல நிரலை 1997 டிசம்பரில் அதை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கார்மக் வெளியிட்டார். 1999இல் அது, யாரும் மாற்றிப் பகிர இடம் தரும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்தது. இன்று டூம் ஓடாத இயந்திரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். முழு கேமின் தரவுக் கோப்பு 12 எம்பி அளவே. கைப்பேசி இணைப்பில்கூட நொடிகளில் இறங்கிவிடும்.

மூல நிரல் வெளியாகாத கேம்களுக்கு வேலை பன்மடங்கு. டயாப்ளோ 1996இல் வந்தது. அதன் ஜப்பானிய பிளேஸ்டேஷன் பதிப்பில் நிரலாளர்கள் தவறுதலாக விட்டுப்போன, நிரலின் பகுதிகளுக்கான பெயர்களைக் காட்டும் குறியீட்டுக் கோப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ரசிகர்கள் நிரலை வரிவரியாக மீட்டு 2018இல் வெளியிட்டார்கள். அதன்மேல் எழுந்ததுதான் டெவிலூஷன்எக்ஸ். செய்முறை எளிது. ஜிஓஜியில் டயாப்ளோவை வாங்கி நிறுவுங்கள். அதன் கோப்புறையில் டயப்டாட்.எம்பிக்யூ (DIABDAT.MPQ) என்ற கோப்பு இருக்கும். சுமார் 500 எம்பி. அதை டெவிலூஷன்எக்ஸ் கோப்புறையில் நகலெடுத்து வைத்துத் திறந்தால் முடிந்தது. பழைய விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு கைப்பேசி எல்லாவற்றிலும் அதே கோப்புதான். அகலத் திரை நிரம்ப வருகிறது. கேமில் வரும் ஊருக்குள் நடப்பதற்குப் பதில் ஓட ஒரு வசதி சேர்த்திருக்கிறார்கள். அசலில் சூனியக்காரியின் குடிசைக்கு நடந்து நடந்து சலித்தவர்கள் இதற்காகவே நன்றி சொல்வார்கள். வேண்டாம் என்றால் அணைத்துவிட்டு அசலைப் போலவே ஆடலாம். இணையம் தேவையே இல்லை. மின்சாரம் போனால் மடிக்கணினியின் பேட்டரி தாங்கும் வரை ஆடலாம்.

கிறிஸ் சாயர் பெரும்பகுதியை அசெம்பிளி மொழியிலேயே எழுதிய ரோலர்கோஸ்டர் டைகூன் 2க்கு ஓப்பன்ஆர்சிடி2 இருக்கிறது. ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3க்கு விசிஎம்ஐ, மாரோவிண்டுக்கு ஓப்பன்எம்டபிள்யூ. இவை எல்லாமே தரவுக் கோப்பை உங்களிடம் கேட்பவை.

ஓப்பன்டிடிடி அதையும் கேட்பதில்லை. டிரான்ஸ்போர்ட் டைகூனைப் பின்பற்றி 2004இலிருந்து வளர்ந்துவரும் இதற்குப் படம், ஒலி, இசை எல்லாவற்றையும் ரசிகர்களே புதிதாகச் செய்து இலவசமாகத் தந்துவிட்டார்கள். மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, ரயில் நிலையம் கட்டும் பொத்தான் மேல் சுட்டியை வைத்து, தமிழில் எழுத்து தோன்றுவதைப் பார்க்கும் மகிழ்ச்சியே தனி. எந்தப் பெரிய நிறுவனமும் அந்த கேம்களைத் தமிழில் தர முன்வந்ததில்லை. யாரோ சிலர் உட்கார்ந்து சொல் சொல்லாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். இன்னொன்று: நிலத்தின் உயரத்தைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் அதையே வரைபடமாக மாற்றிக்கொள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான நிலத்தைப் படமாகக் கொடுத்து, ரயில் பாதை போட்டுப் பாருங்கள். சரிவின் கடுமையைக் கூட்டி வைத்தால் கனமான ரயில் ஏற்றத்தில் திணறும். அந்தப் பாதைக்கு ஏன் பல்சட்டம் வேண்டியிருந்தது என்பது பள்ளிப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

ரசிகர் வேலை தரத்தில் தாழ்ந்தது என்ற எண்ணத்துக்கும் பதில் உண்டு. டூம் 64ஐத் தன்னார்வமாக மீட்டெழுதிய சாமுவேல் வில்லரியல்தான், நைட்டைவ் நிறுவனத்தின் சார்பில் 2020இல் வந்த அதிகாரபூர்வப் பதிப்பின் பின்னும் இருந்தார். சோனிக் ரசிகரான கிறிஸ்டியன் வைட்ஹெட்டின் கையில்தான் 2017இன் சோனிக் மேனியா உருவானது. ஜிஓஜி விற்கும், விண்டோஸுக்கு முந்தைய பழைய டாஸ் கேம்கள் ஓடுவதும் டோஸ்பாக்ஸ் என்ற தன்னார்வ மென்பொருளின் தயவால்தான். கடையையும் ரசிகரையும் எதிரெதிரே நிறுத்துவது தவறு என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சட்டப்படி கணினி நிரலின் படி ஒன்றை வைத்திருப்பவர், அது தொலைந்தோ சிதைந்தோ போவதற்கு எதிரான பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. பிறருக்கு நகல் கொடுக்க அதில் இடமில்லை. தரவுக் கோப்பை நீங்கள் வாங்கி, போர்ட்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுப்பது நேர்மையான வழி. தரவுக் கோப்போடு சேர்த்தே தருகிறோம் என்று எவராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

ஆனால் எல்லாப் போர்ட்டும் நிலைக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஜிடிஏ 3, வைஸ் சிட்டி இரண்டின் நிரலையும் மீட்டெழுதிய ரசிகர்கள் மீது ஜிடிஏவின் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் 2021இல் வழக்குத் தொடுத்தது. அந்த நிரல் இருந்த இடத்திலிருந்து நீக்கப்பட்டது. செல்டா போன்ற நிண்டெண்டோ கேம்களுக்கான போர்ட்டுகள் பயனரின் சொந்தக் கேசட்டிலிருந்து எடுத்த கோப்பைக் கேட்கின்றன. நம் ஊரில் அசல் நிண்டெண்டோ 64 கேசட் வைத்திருப்பவர் மிகக் குறைவு. பெரும்பாலான வாசகர்களுக்கு அந்தக் கதவு மூடியதாகவே கொள்ள வேண்டும்.

யாருக்கு எது?

பழைய மடிக்கணினி, கைப்பேசி இணைப்பு மட்டும் உள்ள வீட்டுக்கு யோசிக்கவே வேண்டாம். ஜிஓஜியில் ஒன்றிரண்டு கேம், அவற்றுக்கான போர்ட், கூடவே ஓப்பன்டிடிடி. வேகமான இணைப்பு இருக்கும் ஓர் இடத்தில் ஒரு மாலை உட்கார்ந்தால் எல்லாம் பென்டிரைவில் ஏறிவிடும்.

நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து ஆட ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஸ்டீமும் புதுப்பித்த பதிப்பும் சரி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடத் தோழர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதை நீண்ட காலச் சேமிப்பாக மட்டும் நினைக்க வேண்டாம்.

ஒரே கேம் இரண்டு கடையிலும் இருந்து, ஸ்டீமில் நூறு ரூபாய் குறைவு என்றாலும் நான் ஜிஓஜியையே சொல்வேன். அந்த நூறு ரூபாய் இன்ஸ்டாலருக்கான விலை.

கேசட் பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் அதை விற்க அவசரப்பட வேண்டாம். காண்ட்ராவை ஆட வேண்டும் என்றால் 2019இல் கொனாமி வெளியிட்ட காண்ட்ரா ஆனிவர்சரி தொகுப்பில் நம் டிவி கேமில் ஆடிய அதே பதிப்பு இருக்கிறது. தினசரி ஆட்டத்துக்கு அதை வாங்கிக்கொண்டு, கேசட்டைத் துடைத்து டப்பாவில் வையுங்கள்.

எந்தக் கடையிலும் இல்லாத, எந்தப் போர்ட்டும் தொடாத கேம்கள் மிஞ்சுகின்றன. 1996இல் கணினிக்கு வந்த ரோட் ராஷ் அப்படிப்பட்டது. சவுண்ட்கார்டன் போன்ற ராக் குழுக்களின் பாடல்களோடு வந்த அந்த பைக் பந்தயம் ஸ்டீமிலும் இல்லை, ஜிஓஜியிலும் இல்லை. அதன் அசல் சிடி உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றுக்கும் முன் அதைப் படியெடுங்கள். கடையில் எழுதித் தந்த சிடி என்றால் இன்னும் அவசரம். அதன் சாயப் பூச்சு அச்சிட்ட சிடியைவிடச் சீக்கிரம் கெடும். படியெடுக்கும்போது, சிடியின் தரவை ஒரே கோப்பாக எடுக்கும் வெறும் ஐஎஸ்ஓ போதும் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்துப் பல கேம்களில் இசை தனி ஆடியோ டிராக்குகளாக இருக்கும், குவேக் அப்படித்தான். ஐஎஸ்ஓவில் அவை விட்டுப்போய், கேம் ஓடும், இசை ஒலிக்காது. ‘பின்’ (BIN), ‘கியூ’ (CUE) என்ற இரட்டைக் கோப்பாக எடுத்தால் டிராக்குகளும் சேர்ந்து வரும். எடுத்த படியை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். கேமின் பெயர், வந்த ஆண்டு, எந்த விண்டோஸில் ஓடியது, சீரியல் எண் ஆகியவற்றை ஒரு எளிய எழுத்துக் கோப்பில் தட்டி அதன் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்த டிஸ்க்கைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.